விரல் அறியும் எழுத்து

திருவொற்றியூர் இறைவனுக்கு வழங்கும் திருப்பெயர்களுள் ‘எழுத்தறியும் பெருமான்’ என்பதும் ஒன்று. கோயில்களுக்குரிய வருவாயைக் குறைத்து மன்னன் ஒருவன் ஓலை எழுதுவித்தான் என்றும், எழுதிய ஓலையை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்னும் தொடர் வரிகளுக்கிடையே புதிதாக அமைந்திருக்கக் கண்டு எழுதினோர் வியந்தனர் என்றும், அது மனிதர் கையெழுத்தன்று, இறைவன் எழுத்தே எனத் தெளிந்தனர் என்றும் தலபுராணச் செய்தி கூறும். சென்னையில் வாழ்ந்த காலத்தில் இத்தலத்துக்கு இடையறாது வந்து வழிபட்ட வள்ளலார், ‘எழுத்தறியும் பெருமான் மாலை’ என்றே ஒரு பாமாலை அருளியுள்ளார்.

சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்த ஊரும் இதுவே. மகிழமரத்தடியில் சங்கிலியாரிடம் ‘பிரியேன்’ எனச் சூளுரைத்த அவர், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து ஊரெல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் ஒளி மறைந்தன என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். (வெண்பாக்கத்துப் பழங்கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிட்டது, இன்றுள்ளது பின்னர் எடுக்கப்பட்டது.) கண்ணிழந்த வழியெல்லாம் அவர் பாடிக்கொண்டே சென்றார் என்பது கவிஞர் பெருமக்கள் கருதத்தக்கது. பாடுவதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை. எழுதுவதற்கும் எழுதியதைப் படிப்பதற்குமே பிறர் துணை வேண்டியிருந்தது.

எழுத்தும் கண்ணின்மையும் ஒருசேர நினைவுக்கு வரும் இவ்வூரில் வெளியாகும் மலருக்கு, பார்வையற்றோர் எழுத்து கணிப்பொறிக்குள் புகுந்த வரலாறு பொருத்தமான பொருளே என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழில் கண்ணில்லாக் கவிஞர்களுக்குக் குறைவில்லை. 17ஆம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார் செங்கற்பட்டுப் பகுதியில் பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புடையவர்; சேயூர் முருகன் பிள்ளைத்தமிழும் திருவாரூர் உலாவும் செய்தவர். பிறரைத் தம் முதுகில் எழுத்துகளை எழுதச் செய்து, அத்தொடு உணர்ச்சியாலேயே அவர் கல்வி கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. கண்ணுக்குரியதாகக் கருதப்பட்ட எழுத்தைத் தோல் வழியே உணரலாம் என்ற எண்ணம் நம் நாட்டிலும் தோன்றியிருந்தது என்பதற்கு அச்செய்தியே சான்று. ஆயினும் முதுகில் எழுதியது மறுகணமே மறைந்துவிடும். அதனை நூலாகக் கட்டி வைக்க முடியாது. மூன்று வயதில் அம்மை நோயால் கண்ணிழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) தம் புலமை முழுவதையும் செவியாலும் நினைவாற்றலாலுமே பெற்றார். அவர் பிறப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1829இல், பாரிசில் புள்ளி எழுத்து முறையை விளக்கும் நூல் அச்சாகிவிட்டது. அது பழனிக்கு வரவில்லை, அவ்வளவே.

அம்முறையைக் கண்டவர் லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் பட்டறையில் இருந்த கூரிய ஊசி பட்டு மூன்று வயதில் ஒரு கண்ணை இழந்து, அதன் தொடர்ச்சியாக மறு கண்ணையும் இழந்தார். படைவீரர் இருளில் செய்தி படிப்பதற்கெனச் சார்லஸ் பார்பியே என்பவர் அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறை அவர் படித்த பள்ளிக்கு வந்தது. பன்னிரண்டு புள்ளியை ஒரு விரல் நுனி ஒரே தொடுதலில் அறிய இயலாது. பதினைந்து வயதுச் சிறுவன் அதனை ஆறாகக் குறைத்தான். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம். ஆகவே வெற்றிடத்தையும் சேர்த்து 64 வடிவங்கள். உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு எல்லாவற்றையும் எழுதுவதுதான் இன்றைய கணிப்பொறியின் அடிப்படையும். அவ்வகையில் பிரெயில் எழுத்து கணிப்பொறி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அதற்கு ஆயத்தமாக இருந்தது எனலாம்.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கிற்று. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கினார். மிஷன் பள்ளிகள் தத்தம் வட்டார மொழிக்கு ஏற்பப் புள்ளிகளை அமைத்துக்கொண்டதால், ஓர் ஊரில் அச்சிட்டதை மற்றோர் ஊரார் படிக்க இயலாத நிலை நேர்ந்தது. இந்திய அரசு முயன்று, பின்னர் யுனெஸ்கோவின் துணையை நாடிற்று. 1950இல் பாரிசிலும் 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டிலும் கூட்டங்கள் நடந்தன. அவற்றை நடத்தியதில் பெரும்பங்கு கிளூத்தா மெக்கன்சி என்பவருக்கு உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் கலிபோலியில் கண்ணிழந்தவர். பின்னாளில் டேராடூனில் கண்ணிழந்த படைவீரர்க்கான இல்லத்தை நடத்தியவர். 1951இலேயே ‘பாரதி பிரெயில்’ என்னும் பொதுமுறை இந்தியாவில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகமும் தோன்றிற்று. பெயரைக் கண்டு நம் மகாகவியை நினைக்க வேண்டா. பாரதம் என்பதன் வழிவந்த பெயர் அது.

பாரதி பிரெயிலின் கொள்கை எளிது: இந்திய மொழிகள் அனைத்திலும் ஓரொலிக்கு ஒரே வடிவம், அதுவும் இயன்றவரை ஆங்கில எழுத்தோடு ஒத்த வடிவம். ககரம் 1, 3 ஆகிய புள்ளிகள். ஆங்கிலத்தின் ‘கே’யும் அதுவே, தெலுங்கின் ககரமும் அதுவே. மகரம் 1, 3, 4. ஆங்கிலத்தில் நிகர் இல்லாத நம் ழகரத்துக்கு 1, 2, 3, 5, 6 என ஐந்து புள்ளிகள் கிடைத்தன. வல்லினத்துக்கு நான்கு நான்கு எழுத்து வைத்திருக்கும் வடமொழிகளை நோக்க, தமிழ் பிரெயில் மிகச் சிறியது, விரைவில் கற்கத்தக்கது.

இனி, உயிர்மெய். அச்சில் ‘கொ’ என்பது ககரத்தின் இருபுறமும் குறி பெறும். பிரெயிலில் துணைக்குறிகளே இல்லை. க, அடுத்து முழு ஒகரம், இரண்டே அறை. ‘மி’ என்றால் ம, அடுத்து இ. அப்படியாயின் ‘ம’ என்ற உயிர்மெய்யும் ‘இ’ என்ற தனியுயிரும் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். இந்தியில் இச்சிக்கல் உண்டு. அதற்கென இடையில் அகரத்தை வெளிப்படையாக இடுவர். தமிழில் சொல்லினுள் இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்வதில்லை. உடம்படுமெய் இடையே வந்து காக்கும். அளபெடையோ முன்னெழுத்து நெடிலாகவே இருப்பதால் மயங்காது: ‘மரூஉ’ என்பதை ம, ர, ஊ, உ என எழுதினால் விரல் தடுமாறுவதில்லை. இன்னொன்றும் உண்டு. 3, 4, 5, 6 ஆகிய புள்ளிகள் ணகரத்தையும் குறிக்கும், பின்வருவது எண் என்று உணர்த்தும் குறியையும் குறிக்கும். ணகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. எனவே சொல் தொடங்கும் இடத்தில் அவ்வடிவம் வந்தால் அது எண்குறியே. பொதுமுறையை வகுத்தோர் இதனை எண்ணிச் செய்தார்களோ, தானே அமைந்ததோ, தொல்காப்பியர் வகுத்த எழுத்து வரம்பு விரலுக்கும் காவலாக நிற்கிறது.

ஒற்றெழுத்தில்தான் பெரிய வேறுபாடு. நாம் மெய்யெழுத்தை எழுதிவிட்டு அதன் தலையில் புள்ளி வைக்கிறோம். பிரெயிலில் புள்ளிக்கு உரிய வடிவம், அதாவது 4ஆம் புள்ளி மட்டும் உள்ள அறை, மெய்க்கு முன்னே வரும். ‘க்’ என்பது முதலில் புள்ளி, பிறகு க. இதில் ஒரு நயம் உண்டு. கண் ஓர் எழுத்தை முழுமையாகப் பார்க்கும். விரலோ இடமிருந்து வலமாக ஒவ்வோர் அறையாக ஊர்ந்து செல்லும். வரப்போவது ஒற்று என்று முன்னரே அறிவித்துவிட்டால், அகரத்தோடு படித்துப் பின் திருத்த வேண்டியதில்லை.

புள்ளியின் வரலாறே விந்தையானது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி கூறிற்று. ஆனால் ஓலையில் எழுதியோர் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டனர். எதனைக் குறிலாகவும் எதனை நெடிலாகவும் கொள்வது என்பது படிப்போன் புலமைக்கு விடப்பட்டது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் நிலைநிறுத்திய வீரமாமுனிவர் பணி அதன் பின்னர் வந்தது. ஓலைக்காரர் அஞ்சிய அதே செயலைத்தான் பிரெயில் எழுதுவோர் செய்கின்றனர். தடித்த தாளைச் சட்டத்தில் பொருத்தி, எழுத்தாணி போன்ற கூர்முனையால் குத்தி, வலமிருந்து இடமாக எழுதிச் செல்வர். தாளைத் திருப்பினால் மறுபுறம் புள்ளிகள் புடைத்து, இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். அங்கே புள்ளியைத் தவிர வேறெதுவும் இல்லை.

கணிப்பொறி பிரெயிலைத் தொட்டது 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில். அக்காலக் கணிப்பொறிக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமே தெரியும். பிரெயிலின் 64 வடிவங்களுக்கு அவ்வெழுத்துகளிலும் குறிகளிலும் 64 ஐ ஈடாக வைத்தனர். பிரெயில் அச்சுப்பொறிக்கு அக்கோப்பை அனுப்பினால் அது உரிய புள்ளிகளைக் குத்தித் தரும். மலிவான, உறுதியான ஏற்பாடு. இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் அக்கோப்பைத் திரையில் கண்ணுள்ளவர் பார்த்தால் என்ன தெரியும்? ‘தமிழ்’ என்னும் சொல் டி, எம், ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியும், ஒரு திறந்த பிறை அடைப்பும் ஆகத் தெரியும். அந்த அடைப்புக்குறிதான் நம் சிறப்பு ழகரம். னகரம் அரைப்புள்ளியாகவும் டகரம் மூடிய பிறை அடைப்பாகவும் நிற்கும். ஈட்டெழுத்து என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

இந்நிலை மாறியது 1999 செப்டம்பரில். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியின் மூன்றாம் பதிப்பில் பிரெயில் வடிவங்கள் தமக்கென இடம் பெற்றன. கணிப்பொறிப் பயன்பாட்டுக்காக ஏழாவது, எட்டாவது புள்ளிகளையும் கீழே சேர்த்து எண்புள்ளி அறையாக்கியதால் மொத்தம் 256 வடிவங்கள். அவற்றை அடுக்கிய முறை அழகானது. முதற்புள்ளிக்கு 1, அடுத்ததற்கு 2, பின் 4, 8, 16, 32, 64, 128 என மதிப்பு. வெற்றறையின் எண் 10240. புடைத்த புள்ளிகளின் மதிப்பைக் கூட்டி அதனோடு சேர்த்தால் அந்த வடிவத்தின் எண் வந்துவிடும். ககரத்துக்கு 1ஆம், 3ஆம் புள்ளிகள், 1உம் 4உம் கூட்ட 5, ஆக 10245. ழகரத்துக்கு 55 கூட்டி 10295. அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

ஒன்றை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். 10245 என்பது ககரத்தின் எண்ணன்று. 1ஆம், 3ஆம் புள்ளிகள் புடைத்த வடிவத்தின் எண். அது தமிழா, ஆங்கிலமா, இசைக்குறியா என்பது அவ்வெண்ணுக்குத் தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். அந்த எண் பெட்டியைச் சொல்லும். உள்ளிருப்பது பஞ்சா, பளிங்கா என்று சொல்லாது. அதனைச் சொல்லத் தனிச் சரக்குப் பட்டியல் வேண்டும். பிரெயில் எண்களும் அத்தகையனவே.

தமிழ் எழுத்துகளுக்கு ஒருங்குறி தந்த எண்களோ உள்ளிருப்பதைச் சொல்பவை. 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ககரம் 2965, அது ககரமே, வேறொன்றன்று. ‘தமிழ்’ என்பது 2980, 2990, 3007, 2996, 3021, அதாவது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. அதே சொல் பிரெயிலில் 10270, 10253, 10250, 10248, 10295, அதாவது த, ம, இ, புள்ளி, ழ. இரண்டிலும் ஐந்தைந்து எண்களே. கடைசி இரண்டு மட்டும் இடம் மாறுகின்றன. முன்னதைப் பின்னதாக மாற்ற ஓர் அட்டவணையும் ஒரு சில விதிகளும் போதும். பார்வையும் செவியும் இழந்த ஜான் பாயர் என்பவர் 2002இல் தொடங்கிய ‘லிப்லூயி’ என்னும் கட்டற்ற மென்பொருளில் தமிழுக்கான அட்டவணையும் உள்ளது. அதற்கு முன்னரே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கல்யாணகிருஷ்ணன் குழுவினர், இந்திய மொழிகளை அசையசையாகக் கணிப்பொறியில் ஏற்றி, அதிலிருந்தே பேச்சொலியும் பிரெயிலும் பெற வழிசெய்திருந்தனர்.

இவ்வளவும் இருந்தும், நம்மவர் கவிதை பார்வையற்ற தமிழரின் விரலை அடைவதில் ஏன் தடை? அத்தடையின் வேர் 1990களில் உள்ளது. அந்நாளில் அச்சகங்களில் டி.டி.பி. வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தன் மனம்போல் எண்களை அமைத்துக்கொண்டது. ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தைப் பொருத்தினர். ஓர் எழுத்துருவில் ககரமாக இருந்த எண் மற்றொன்றில் லகரம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் வரையறுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆனால் அச்சகப் பழக்கம் அரசாணையால் மாறிவிடுவதில்லை. பழைய எழுத்துருக்களில் இன்றும் நூல்கள் கோக்கப்படுகின்றன.

கண்ணுள்ளவனுக்கு இதனால் இழப்பில்லை. தாளில் அச்சாகிவிட்டால் எண்ணைப் பற்றி அவனுக்கென்ன? திரைவாசிப்பானும் பிரெயில் அச்சுப்பொறியும் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கின்றன. பழைய எழுத்துருவில் அமைந்த ஒரு கவிதைத் தொகுதியைப் பிரெயிலாக்கினால் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். அக்கவிதை அவர்களைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை.

ஒருங்குறியில் தட்டச்சிட்டாலும் கண்ணை ஏமாற்றும் பிழைகள் உண்டு. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறியை இடாமல், ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவோர் பலர். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. விரலுக்கு அது ‘கெளரவம்’. க, எ, ள என்று தனித்தனியே தட்டுப்படும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமும் கொண்டு எழுதினால் பிரெயிலில் ‘ஒளவை’ என்று வந்து நிற்பாள் அந்த மூதாட்டி. கண்ணுடையோர் நூற்றுவர் மெய்ப்புத் திருத்தியும் காணாத பிழையை விரல் ஒரே தடவலில் காட்டிவிடும்.

சட்டம் இதில் தடையாக இல்லை. 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூல்களைப் பெயர்த்துக்கொள்ள வழிவிடுகிறது. இதே நோக்கில் 2013இல் மராகேசு நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014இல் முதன்முதலாக உறுதி செய்த நாடு இந்தியா. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் திருக்குறள், மணிமேகலை முதலான செவ்வியல் நூல்கள் பிரெயிலில் வெளியிடப்பட்டன. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு உண்டு. வள்ளுவருக்கும் சாத்தனாருக்கும் அரசு நிறுவனங்கள் துணை நிற்கும். இராயபுரத்து மீன்பிடி துறைமுகத்தையும் எண்ணூர்ச் சாம்பல் படிந்த கழிமுகத்தையும் பாடிய, அறுபது பக்க மெலிந்த தொகுதிகளுக்கு யார் வருவர்? அவற்றின் கோப்பு அச்சகத்தாரிடமோ கவிஞரிடமோதான் இருக்கிறது.

வேண்டுவன பெரிதல்ல. பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது; ஏனெனில் ஒற்றைக் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் இடங்களில் கருவி தடுமாறுவதுண்டு; அடிமுறிப்பும் சீர்ப்பிரிப்பும் கலைந்துபோவதும் உண்டு. மரபுக் கவிதையில் சீர் கலைந்தால் தளை கெடும். புதுக்கவிதையில் அடி கலைந்தால் மூச்சே மாறிவிடும். ஆகவே அம்மெய்ப்பை யாப்பறிந்த ஒருவரும் பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரும் அருகருகே அமர்ந்து பார்ப்பது நலம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் விரலால் சரிபார்க்கலாம். நம் வட்டத்தின் பத்தாண்டு வெளியீடுகளுள் முதல் சில ஆண்டுகளின் கோப்புகள் எந்த எழுத்துருவில் உள்ளன என்று பார்த்து எழுதி வைப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.